காண்டோரின் வயிற்றில் ஈயம்: ஒரேகான் மாநிலத்தின் முன்னுள்ள வழிகள்

2025 ஜனவரியில் வட கலிபோர்னியாவின் ரெட்வுட் தேசியப் பூங்காவின் உட்காட்டில் பிணந்தின்னிப் பெருங்கழுகான காண்டோர் ஒன்று, ஒன்றரை வயதில், இறந்து கிடந்தது. யூரோக் பழங்குடியினர் 2022 மே மாதம் முதல் அந்தக் காட்டில் விட்டுவரும் கூட்டத்தில் நேர்ந்த முதல் சாவு அது. பறவையைக் கொன்றது ஈய நஞ்சு என்று ஆய்வில் தெரிந்தது. அதன் குடலில் காற்றுத் துப்பாக்கியில் போடும் சிறிய ஈயக் குண்டு ஒன்று இருந்தது. நாட்டிலேயே கடுமையான ஈயத்தோட்டாச் சட்டம் கொண்ட மாநிலம் கலிபோர்னியா. அந்தச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்து ஐந்தரை ஆண்டுகள் ஆன பிறகே இது நடந்தது.

இதைப் படிக்கும்போது, அப்படியானால் சட்டத்தால் என்ன பயன் என்ற கேள்வி எழுவது இயல்பு. ரெட்வுட் காட்டுக்கு வடக்கே அதிகத் தொலைவில் இல்லாத ஒரேகான் மாநிலத்துக்கு இந்தக் கேள்விக்கு விடை உடனடியாகத் தேவைப்படுகிறது. ஒரே நாளில் 200 கிலோமீட்டருக்கு மேல் பறக்கக்கூடிய பறவைக்கு மாநில எல்லை ஒரு பொருட்டல்ல. ஒரேகானில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயம் கூடாது. ஆனால் மானையும் எல்க் என்ற பெரிய மான் இனத்தையும் ஈயத் தோட்டாவால் சுடுவதற்கு மாநிலம் தழுவிய தடை ஏதும் இல்லை. அங்கு என்ன செய்யலாம் என்பதற்கு அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலேயே மூன்று முன்மாதிரிகள் உள்ளன. பறவையைப் பிடித்துச் சிகிச்சை தருவது ஒன்று. வேட்டைக்காரர்களை இணங்க வைத்து மாற்றுத் தோட்டா கொடுப்பது இன்னொன்று. அதை அரிசோனா செய்துவருகிறது. மூன்றாவது, கலிபோர்னியாவைப் போலச் சட்டம் போட்டு ஈயத்தைத் தடுப்பது. மூன்றையும் எடைபோடும் முன் நஞ்சு பறவைக்குள் எப்படிப் போகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எந்த வழி எங்கே கசிகிறது என்பது அதிலிருந்துதான் புலப்படும்.

செம்பு உறைக்குள் ஈயம் நிரப்பிய வேட்டைத் தோட்டா, மானின் உடலில் நுழைந்ததும் காளான்போல விரிந்து, அந்த விசையில் தன் ஈயத்தை உதிர்த்துக்கொண்டே செல்லும். வேட்டைக்காரர் இறைச்சியை எடுத்துக்கொண்டு குடலையும் உள்ளுறுப்புகளையும் காட்டிலேயே விட்டுச் செல்வது வழக்கம். அப்படிக் கிடந்த 20 குடல் குவியல்களை ஆய்வாளர்கள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது 18இல் உலோகத் துகள்கள் தெரிந்தன. 5 குவியல்களில் துகள்களின் எண்ணிக்கை 200ஐத் தாண்டியது. அந்தப் படங்களில் ஒன்றைப் பார்த்தால் போதும்: சாம்பல் நிறத் தசைக்கு நடுவே பால்வீதியைப் போல வெண்புள்ளிகள் சிதறிக் கிடக்கும். பல புள்ளிகள் கடுகைவிடச் சிறியவை. குண்டு சென்ற தடத்திலிருந்து ஒரு சாண் தள்ளியும் அவை காணப்படும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகளைக் காண்டோர் ஒதுக்கிவிட்டுத் தின்ன வழியே இல்லை.

வயிற்றுக்குள் போன பிறகு, எலும்பையே கரைக்கும் அமிலம் ஈயத்தையும் கரைத்து இரத்தத்தில் சேர்க்கிறது. சுண்ணாம்புச்சத்து என்று உடல் ஏமாந்து அதை எலும்பிலும் நரம்பிலும் வைத்துக்கொள்கிறது. இரத்தச் சிவப்பணுக்கள் உருவாகத் தேவையான நொதி முடங்குகிறது. பிறகு உணவுப்பாதையின் தசைகள் அசைவதை நிறுத்துகின்றன. கழுத்தடியில் இருக்கும் தீனிப்பை நிறைய இரையை வைத்துக்கொண்டு, அது கீழே இறங்காமல் பறவை பட்டினியால் சாகிறது. உயிரியல் நூல்களில் எத்தனையோ கொடிய சாவுகளைப் படித்திருக்கிறேன். உண்ட உணவு தொண்டைக்குக் கீழே நிற்க, பசித்துச் சாகும் இந்தச் சாவை மட்டும் என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

வாத்துகளுக்கு ஈயம் வேறு வழியில் போகிறது. நம்மூரில் பால்ரஸ் என்று சொல்லும் சிறு குண்டுகள் சதுப்பு நிலத்தின் சேற்றில் விழுந்து கிடக்கும். தீனியை அரைப்பதற்காகக் கல் பொறுக்கும் வாத்து, அவற்றையும் கல் என்று நினைத்து விழுங்கும். இந்தப் பகுதிக்கு அமெரிக்கா 1991க்குள் விடை கண்டுவிட்டது. நாடு முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டு தடைசெய்யப்பட்டு, எஃகுக் குண்டு அந்த இடத்துக்கு வந்தது. சில ஆண்டுகள் கழித்து மிசிசிப்பி வலசைப் பாதையில் செய்த ஆய்வு, பச்சைத்தலை வாத்துகளில் ஈய நஞ்சால் நேரும் சாவு 64 சதவீதம் குறைந்ததாகவும், 1997ஆம் ஆண்டின் இலையுதிர்கால வலசையில் மட்டும் சுமார் 14 லட்சம் வாத்துகள் உயிர் பிழைத்ததாகவும் மதிப்பிட்டது. ஆக, சட்டம் பயன் தரும் என்பதற்குக் கண்முன்னே சான்று இருக்கிறது. அதே பயன் காண்டோருக்கு ஏன் அவ்வளவு தெளிவாகக் கிடைக்கவில்லை என்பதைத்தான் ஒரேகான் புரிந்துகொள்ள வேண்டும்.

முதல் வழியான சிகிச்சையை விரைவாகவே சொல்லிவிடலாம். 1982இல் 22 காண்டோர்கள் மட்டுமே எஞ்சியிருந்தன. 1987இல் கடைசிக் காட்டுப் பறவையும் பிடிக்கப்பட்டு எல்லாம் கூண்டுக்குள் வந்தன. 1992இல் கலிபோர்னியாவிலும் 1996இல் அரிசோனாவிலும் அவை மீண்டும் வெளியில் விடப்பட்டன. இன்று 500க்கு மேற்பட்ட பறவைகள் இருக்கின்றன. அவற்றில் 300க்கும் கூடுதலானவை வெளியில் பறக்கின்றன. இந்த எண்ணிக்கையைத் தாங்கி நிற்பவற்றுள் ஒன்று மருத்துவம். பறவைகளை அவ்வப்போது பிடித்து இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். ஈயம் கூடியிருந்தால் லாஸ் ஏஞ்சலஸ் போன்ற நகரங்களின் உயிரியல் பூங்காக்களுக்குக் கொண்டுபோய், ஈயத்தைப் பற்றி வெளியேற்றும் மருந்தை நாள்தோறும் ஊசியாகப் போடுகிறார்கள். கிட்டத்தட்ட மூன்று மீட்டர் இறக்கை விரிப்பு கொண்ட பறவையின் தலையைத் துணியால் மூடி, இருவர் மூவர் அதை அணைத்துப் பிடித்துக்கொள்ள ஊசி ஏற்றுவார்கள். கலிபோர்னியாவில் 1997 முதல் 2010 வரை இரத்தம் பார்க்கப்பட்ட 150 பறவைகளில் 48 சதவீதத்துக்கு ஒரு முறையாவது சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு ஈயம் ஏறியிருந்தது. சிகிச்சை முடிந்த பறவை மீண்டும் அதே காட்டுக்குத்தான் போகிறது. அடுத்த குடல் குவியல் அங்கே காத்திருக்கிறது. இந்த வழியை நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் அதை ஒரு தெரிவாகக் கணக்கிடவும் கூடாது. மற்ற இரண்டு வழிகளும் எவ்வளவு தோற்கின்றன என்பதைக் காட்டும் அளவுகோல் அது.

சுத்தமான இறைச்சியை மனிதரே வைத்துக் காண்டோருக்கு உணவூட்டும் முறையையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும். இளம் பறவைகள் அந்த இறைச்சிக்கு வரும். வயது ஏற ஏற அவை தாமே இரை தேடித் தொலைவில் போகின்றன, ஈயத்தில் சிக்கும் வாய்ப்பும் அதனுடன் கூடுகிறது. வெளியில் விடப்பட்ட பறவைகளின் சாவுகளைத் தொகுத்த ஆய்வு ஒன்றில், காரணம் கண்டறியப்பட்ட முதிர்ந்த பறவைகளின் சாவுகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஈயமே காரணமாக இருந்தது. காண்டோர் ஆறு முதல் எட்டு வயதில்தான் இனப்பெருக்கத்துக்கு வருகிறது. பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடுகிறது. அப்படிப்பட்ட இனம் முதிர்ந்த பறவைகளை இழப்பது விதை நெல்லை இழப்பதற்குச் சமம்.

இரண்டாவது வழிக்கு வருவோம். அரிசோனா மாநில வேட்டைத் துறை 2005 முதல், காண்டோர் வாழும் பகுதியில் மான் வேட்டைக்கு அனுமதி பெற்றவர்களுக்கு ஈயமில்லாத தோட்டாக்களை இலவசமாகக் கொடுத்துவருகிறது. ஈயத்தையே பயன்படுத்தினாலும் குடலைக் காட்டில் விடாமல் எடுத்துவந்து ஒப்படைப்பவருக்குக் குலுக்கல் பரிசும் உண்டு. கட்டாயம் இல்லை, அபராதம் இல்லை. கடிதமும் நேர்ப் பேச்சும் தோட்டாவும் மட்டுமே. பல ஆண்டுகளாக 80 முதல் 90 சதவீத வேட்டைக்காரர்கள் இதில் பங்கெடுத்துவருகிறார்கள். எந்த அரசுத் திட்டத்துக்கும் இது பெரிய வெற்றி. பின்னர் யூட்டாவும் இதே வழியில் இறங்கியது. வேட்டைக்காரர் காட்டைப் பற்றி அக்கறையுள்ளவர், எக்ஸ்ரே படத்தைப் பார்த்தால் மனம் மாறக்கூடியவர் என்ற நம்பிக்கை மீது எழுந்த திட்டம் இது. அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன்.

அப்படியிருந்தும் அரிசோனா, யூட்டா கூட்டத்தில் முதன்மையான சாவுக் காரணம் ஈயமாகவே நீடிக்கிறது. 2023இல் பறவைக் காய்ச்சல் அந்தக் கூட்டத்தில் 21 பறவைகளைக் கொண்டுபோனபோது, ஏற்கெனவே ஈயத்தால் மெலிந்த எண்ணிக்கையில்தான் அந்த அடியும் விழுந்தது. 90 சதவீத ஒத்துழைப்பு ஏன் போதவில்லை? வேட்டைக்காரர்களை எண்ணுவதை விட்டுவிட்டுக் காண்டோர் தின்னும் பிணங்களை எண்ணினால் விடை கிடைக்கும். ஒரு பறவை ஆண்டுக்கு 75 பிணங்களில் உண்கிறது என்றும், காட்டில் கிடக்கும் பிணங்களில் 200க்கு ஒன்றில் மட்டும் ஈயம் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஓராண்டில் அந்தப் பறவை ஈயத்தைச் சந்திக்கும் வாய்ப்பு 31 சதவீதம் வருகிறது. பத்தாண்டில் அது 97 சதவீதத்தைத் தாண்டுகிறது. அறுபது ஆண்டு வாழக்கூடிய பறவைக்குப் பத்தாண்டு என்பது இளமைக்காலம். காண்டோர்கள் கூட்டமாக இறங்கி உண்பவை என்பதால் ஒரே பிணம் பல பறவைகளை ஒன்றாகக் கொல்லவும் கூடும். குடம் பாலுக்குத் துளி விஷம் போதும் என்பது இங்கே வெறும் பழமொழியாக நின்றுவிடவில்லை, கணக்காகவே பலிக்கிறது.

மனமுவந்த மாற்றத்துக்கு இலவசத் தோட்டாவும் நேர்ப் பேச்சும் துணையில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பிரிட்டன் காட்டிவிட்டது. 2020இல் அங்குள்ள ஒன்பது துப்பாக்கி வேட்டை, கிராமப்புற அமைப்புகள், ஐந்தாண்டுக்குள் ஈயக் குண்டுகளைத் தாமே கைவிடுவதாக அறிவித்தன. ஐந்தாண்டு முடிந்தபோது சந்தையில் வாங்கிச் சோதித்த பெசன்ட் என்ற வேட்டைக் கோழிகளில் ஏறக்குறைய 99 சதவீதம் ஈயத்தால்தான் சுடப்பட்டிருந்தன. கடைசியில் 2025இல் அரசே தடையை அறிவிக்க வேண்டியதாயிற்று. டென்மார்க் 1996லேயே ஈயச் சிறுகுண்டுகளை முற்றாகத் தடைசெய்தது, 2024 முதல் ஈயத் தோட்டாக்களையும் தடைசெய்துவிட்டது. வேட்டை அங்கே இன்றும் நடக்கிறது. இந்த ஒப்பீட்டைப் பார்த்த பிறகு, வெறும் வாக்குறுதியை ஒரு தெரிவாக ஒரேகான் எடுத்துக்கொள்ளக் கூடாது என்றே சொல்வேன். அரிசோனா செய்தது அதைவிட எவ்வளவோ மேலானது.

மூன்றாவது வழி சட்டம். கலிபோர்னியா இதை இரண்டு கட்டமாகச் செய்தது. 2007இல் இயற்றி 2008 ஜூலையில் நடைமுறைக்கு வந்த முதல் சட்டம், காண்டோர் வாழும் பகுதிகளில் மட்டும் பெருவிலங்கு வேட்டைக்கு ஈயத் தோட்டாவைத் தடுத்தது. அந்தப் பகுதியிலேயே செய்த ஆய்வில், தடைக்குப் பின் பொன்னிறக் கழுகுகளின் இரத்தத்திலும் வான்கோழிக் கழுகுகளின் இரத்தத்திலும் ஈயம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது தெரிந்தது. சட்டத்தை வேட்டைக்காரர்கள் மதித்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை, பறவையின் இரத்தம் பொய் சொல்லாது. 2013இல் இயற்றிய இரண்டாவது சட்டம் 2015, 2016 எனப் படிப்படியாக விரிந்து, 2019 ஜூலை முதல் மாநிலம் முழுவதும் துப்பாக்கியால் எந்தக் காட்டுயிரைச் சுடுவதற்கும் ஈயம் கூடாது என்றாக்கியது. இருந்தும் காண்டோரின் இரத்தத்தில் மற்ற கழுகுகளில் கண்ட அளவுக்கு வீழ்ச்சி தெரியவில்லை.

இதற்கு ஒரு காரணத்தைப் பிணக் கணக்கிலேயே பார்த்தோம். இன்னொரு காரணம் சட்டத்தின் வரம்பு. இந்தச் சட்டம் ஈயத்தால் காட்டுயிரைச் சுடுவதைத் தடுக்கிறது, ஈயத் தோட்டாவின் விற்பனையைத் தடுக்கவில்லை. இலக்குப் பயிற்சிக்கு அது கடையில் கிடைக்கும். நோயுற்ற மாட்டைப் பண்ணைக்காரர் சுட்டு வீழ்த்தினால் அது காட்டுயிர் அல்ல என்பதால் சட்டத்துக்குள் வராது. ஆனால் மாட்டுப் பிணமும் காண்டோரின் உணவுதான். எல்லாவற்றையும்விட, பாயின்ட் இருபத்திரண்டு என்ற சிறு துப்பாக்கியின் தோட்டாவில்தான் கதை முடங்குகிறது. மான் வேட்டைக்குப் போகிறவர் பருவம் முழுவதற்கும் ஒரு பெட்டி, அதாவது 20 தோட்டாக்கள் இருந்தால் சமாளித்துவிடுவார். செம்புத் தோட்டாவின் கூடுதல் விலை அவருக்குப் பெரிய சுமையில்லை. மேய்ச்சல் நிலத்தைத் துளைத்துப் பாழாக்கும் தரை அணில்களைச் சுடும் பண்ணைக்காரர் ஒரே நாளில் நூறு தோட்டாக்களைச் செலவழிப்பார். அவர் கையில் இருப்பது இந்தச் சிறு துப்பாக்கி. ஈயமில்லாத பாயின்ட் இருபத்திரண்டு தோட்டா விலை கூடியது, பல ஊர்க் கடைகளில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் சில துப்பாக்கிகளில் குறி சரியாக விழாது. சுட்ட அணில் அப்படியே வயலில் கிடக்கும். காண்டோர் அதையும் உண்ணும்.

இந்த இடத்தில் இந்தியாவின் அனுபவம் ஒன்றை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மாட்டுப் பிணங்களின் வழியாகப் பாறு கழுகுகளைக் கொன்ற டைக்ளோபினாக் என்ற வலிநீக்கி மருந்தை 2006இல் கால்நடைகளுக்குத் தடைசெய்தார்கள். ஆனால் மனிதருக்கான அதே மருந்து பெரிய குப்பிகளில் மருந்துக்கடையில் கிடைத்ததால், மாட்டுக்குப் போடுவது தொடர்ந்தது. மனிதருக்கான குப்பியை 3 மில்லிக்குக் குறைத்த பிறகுதான் 2015இல் அந்த வாசல் அடைபட்டது. மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியுள்ள பாறுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் அனைவரும் அறிந்த கதை இது. பயன்பாட்டைத் தடுத்துவிட்டுக் கடை அலமாரியைத் திறந்து வைத்தால் சட்டத்துக்குப் பாதிப் பலம்தான் கிடைக்கிறது. ஜப்பானின் ஹொக்கைடோவிலும் இதுவே நடந்தது. மான் வேட்டையில் ஈயத் தோட்டாவை 2000 முதல் படிப்படியாகத் தடுத்தார்கள், ஸ்டெல்லர் கடற்கழுகுகளின் சாவு ஓயாததால் 2014இல் வேட்டையின்போது அதைக் கையில் வைத்திருப்பதையே குற்றமாக்கினார்கள்.

மாற்றுத் தோட்டாவைப் பற்றி வேட்டைக்காரர்கள் எழுப்பும் ஐயங்களில் எதில் பொருள் இருக்கிறது, எதில் இல்லை என்பதையும் பிரித்துச் சொல்வதுதான் நியாயம். ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், செம்பு 8.9, எஃகு 7.8. எஃகுச் சிறுகுண்டு விரைவில் வேகம் இழக்கும் என்பது உண்மை. இரண்டு அளவு பெரிய குண்டைத் தேர்ந்து, இலக்கை நெருங்கிச் சுட வேண்டும். பழைய துப்பாக்கிகளின் குழல் எஃகைத் தாங்காது என்பதும் உண்மை, அவற்றுக்கு 9.8 அடர்த்தியுள்ள பிஸ்மத் இருக்கிறது, ஆனால் விலை கூடுதல். பெருவிலங்குக்கான செம்புத் தோட்டா பற்றிய ஐயத்தில் அவ்வளவு பொருள் இல்லை. அது விரிந்தாலும் பெரும்பாலும் உடையாமல் முழுதாக நிற்கும், மானை ஈயத்துக்குக் குறையாமல் வீழ்த்தும். குறியை மட்டும் புதிதாகச் சரிசெய்துகொள்ள வேண்டும். வேட்டையாடி வீட்டுக்குக் கொண்டுபோகும் இறைச்சியிலும் அதே ஈயத் துகள் இருந்திருக்கும் என்பதால், மாற்றத்தின் பயன் அவர்கள் பிள்ளைகளின் தட்டுக்கும் போய்ச் சேர்கிறது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, அரிசோனாவா கலிபோர்னியாவா என்று ஒன்றை எடுத்து ஒன்றை விடும் தேர்வு சரியாகாது என்பது என் முடிவு. இரண்டில் எது முன்னே, எது பின்னே என்ற வரிசைதான் முக்கியம். அரிசோனாவின் வழி 90 சதவீதம் வரை கொண்டுபோகிறது, மீதியைத் தொட முடியவில்லை. கலிபோர்னியாவின் வழி மீதியையும் குறிவைக்கிறது. ஆனால் மாற்றுத் தோட்டா கிடைக்காத ஊரில் சட்டத்தை மதிக்க நினைப்பவரையும் அது மீறவைக்கிறது. ஒரேகானுக்கு ஒரு வசதி உண்டு. போர்ட்லாந்தில் உள்ள ஒரேகான் உயிரியல் பூங்கா 2003 முதல் காண்டோரை வளர்த்துவருகிறது. வேட்டைக்காரர்களிடம் வேட்டைக்காரர்களைக் கொண்டே பேசும் கூட்டமைப்பு ஒன்றை 2018இல் தொடங்கியவர்களில் அந்தப் பூங்காவும் ஒன்று. யூரோக் மக்களும் பறவையை விடுவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே தம் வேட்டைக்காரர்களிடம் இதைப் பேசிவந்தார்கள். பேச்சு தொடங்கிவிட்ட இடத்தில் சட்டம் பகையாகத் தோன்றாது.

எனவே ஒரேகான் சட்டமன்றத்தில் எனக்கு ஒரு வாக்கு இருக்குமானால் அதை இப்படிப் போடுவேன். தடைக்கான தேதியை இன்றே சட்டத்தில் எழுத வேண்டும். ஐந்தாண்டுக்கு மேல் தள்ளக் கூடாது. தெற்கு மாவட்டங்களில் மானுக்கும் எல்க்குக்கும் அனுமதி பெறும் ஒவ்வொருவருக்கும் அந்த இடைவெளி முழுவதும் ஈயமில்லாத தோட்டா ஒரு பெட்டி இலவசமாகப் போக வேண்டும். குடல் குவியலைத் திரும்பக் கொண்டுவருபவருக்கான பரிசையும் தொடக்கத்திலிருந்தே வைத்துக்கொள்ளலாம். சட்டத்தின் சொற்களில் காட்டுயிரோடு கால்நடையும், தோட்டாத் துப்பாக்கியோடு காற்றுத் துப்பாக்கியும் இடம்பெற வேண்டும்; ரெட்வுட்டில் இறந்த பறவையின் குடலில் இருந்தது காற்றுத் துப்பாக்கியின் குண்டுதானே. ஈயத் தோட்டா விற்பனையை இலக்குப் பயிற்சிக் களங்களுக்குள் ஒதுக்குவது அடுத்த படி. இதற்கு எதிர்ப்பு கடுமையாக இருக்கும் என்பது தெரியும். 2017 ஜனவரியில் கூட்டாட்சிச் சரணாலயங்களில் ஈயத்தைப் படிப்படியாக நிறுத்தச் சொன்ன ஆணையை, ஆட்சி மாறியதும் அதே ஆண்டு மார்ச்சில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். நிர்வாக ஆணையாக இல்லாமல் சட்டமாகவே எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு அதுவே காரணம்.

பணம் குறைவாக இருந்து ஒன்றை மட்டுமே முதலில் செய்ய முடியும் என்றால், மான் வேட்டைக்காரரை விட்டுவிட்டுப் பண்ணைக்காரரிடம் போகச் சொல்வேன். மான் வேட்டைக்குச் செம்பு ஏற்கெனவே கடையில் இருக்கிறது. தரை அணிலைச் சுடுபவருக்குச் சிறு துப்பாக்கியில் சரியாகக் குறி விழும் ஈயமில்லாத தோட்டா, ஈயத்தின் விலைக்கே, அவர் தீவனம் வாங்கும் அதே கடையில் கிடைக்கச் செய்ய வேண்டும். அதற்கான மானியத்தை அரசு ஒதுக்கட்டும். காண்டோர்கள் ஒரேகானுக்குள் இரை தேடி வரும் முன்பே அந்தப் பெட்டி அலமாரியில் இருக்க வேண்டும்.